வாய்வழி உறவுக்குப் பிறகு எச்.ஐ.வி. பயம்: முதல் நாளிலிருந்து கடைசி டெஸ்ட் வரை முழுமையான வழிகாட்டி

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்தது வாய்வழி உறவு மட்டும்தான் என்றால் உங்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியிருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. வாயால் செய்தவர் எதிராளி, நீங்கள் பெற்றுக்கொண்டவர் என்றால் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். இதைப் படித்ததும் நிம்மதியாகிறவர்கள் இத்தோடு எழுந்து வேறு வேலையைப் பார்க்கலாம். ஆனால் இப்படித் தேடிப் படிப்பவர்களில் பலர் இந்த வரியை ஏற்கெனவே பத்து இடத்தில் படித்திருப்பார்கள். படித்த அஞ்சாவது நிமிஷமே "ஆனா என் விஷயத்துல..." என்று ஒன்று கிளம்பியிருக்கும். ஈறில் ரத்தம் வந்ததே, அவர் யார் என்றே தெரியாதே, லேப்காரன் ரத்தத்தை மாற்றி வைத்திருந்தால்? இந்த வழிகாட்டி அவர்களுக்காக. நாள் கணக்கில் வரிசையாகப் போகிறேன், நீங்கள் எந்த நாளில் இருக்கிறீர்களோ அங்கிருந்து படித்தாலும் போதும்.

முதல் படி: நடந்ததை ஒரே ஒரு முறை எழுதுங்கள்

ஒரு தாளிலோ போனிலோ, நாலே நாலு விஷயம் எழுதுங்கள். எந்தத் தேதி. யாருடைய வாய், யாருடைய உறுப்பு. வாய்க்குள் விந்து வந்ததா. வாய்வழி தவிர வேறு ஏதாவது நடந்ததா, அதாவது பெண்ணுறுப்பு வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ, ஆணுறை இல்லாமலோ, ஆணுறை கிழிந்தோ. எழுதி முடித்ததும் மூடி வையுங்கள். இதை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், நாள் ஆக ஆக நினைவு மாறும். முதல் நாள் "காயம் எதுவும் இல்லை" என்றிருந்தது பத்தாம் நாள் "ஒரு சின்னக் கீறல் இருந்ததோ" என்று ஆகி, இருபதாம் நாள் "ரத்தம் வந்திருக்கும்" என்று முடியும். பயம் நினைவைத் திருத்தி எழுதும். அன்று எழுதியதைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும், இருபதாம் நாள் கதையை இல்லை.

இரண்டாம் படி: உங்கள் ஆபத்தைச் சரியாக எடை போடுங்கள்

எச்.ஐ.வி. பரவ மூன்று சேர வேண்டும்: வைரஸ் உள்ள திரவம், போதுமான அளவு, உள்ளே போக வழி. ரத்தம், விந்து, விந்துக்கு முன் வரும் கசிவு, பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால். பரப்பும் திரவங்கள் இவைதான். எச்சில் இந்தப் பட்டியலில் இல்லை. இல்லாதது மட்டுமல்ல, எச்சில் இந்த வைரஸுக்கு எதிரி. அதில் வைரஸைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. போதாததற்கு எச்சிலில் உப்பு ரத்தத்தை விடக் குறைவு என்பதால், வைரஸைச் சுமந்து வரும் வெள்ளை அணுக்கள் எச்சிலில் விழுந்ததும் நீர் ஏறி உடைந்துபோகின்றன.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாக இருக்கும். எதிராளிக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, அவர் மருந்து எடுக்கவில்லை, ஆணுறையும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. பயன்படுத்தும் மதிப்பீட்டின்படி, ஆசனவாய் உறவில் உள்ளே வாங்கிக்கொள்பவருக்கு 10,000 முறைக்கு 138 தொற்று, பெண்ணுறுப்பு உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. வாய்வழி உறவுக்கு அந்தப் பட்டியலில் எண்ணே இல்லை, "குறைவு" என்று ஒரு சொல்தான் இருக்கிறது. எண் கொடுக்கும் அளவுக்குத் தொற்று கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். 2002ல் ஸ்பெயினிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு, இன்னொருவருக்கு இல்லை என்ற நிலையில் இருந்த ஆண்-பெண் ஜோடிகளில், தொற்று இல்லாத 135 பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். பாதுகாப்பில்லாத வாய்வழி உறவு மொத்தம் 19,000 முறைக்கு மேல். அதன் வழியாகத் தொற்றியவர்கள் ஒருவர்கூட இல்லை. உங்களுடையது ஒரு முறை, அதுவும் எதிராளிக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா என்றே தெரியாது. இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஆயிரத்தில் இரண்டு பேருக்குத்தான் எச்.ஐ.வி. பாலியல் தொழில் செய்பவர்களிடையே இது அதிகம்தான், ஆனாலும் அவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தொற்று கிடையாது.

இனி உங்கள் நிலை எது என்று பாருங்கள்.

உங்கள் ஆணுறுப்பை இன்னொருவர் வாயில் வைத்தார்: உங்கள் மேல் பட்டது எச்சில் மட்டும். ஆபத்து பூஜ்யம் என்று சொல்லிவிட்டு நகரலாம். அவர் ஈறில் ரத்தம் கசிந்திருந்தால்? ஏட்டளவில் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான்.

நீங்கள் ஒரு பெண்ணுக்கு வாயால் செய்தீர்கள்: மிக மிகக் குறைவு. மாதவிடாய் நாட்களாக இருந்தால் ஏட்டளவில் கொஞ்சம் கூடும்.

நீங்கள் ஒரு ஆணுக்கு வாயால் செய்தீர்கள், வாயில் விந்து வந்தது: நான்கில் இதற்குத்தான் கொஞ்சமாவது ஆபத்து உண்டு, அதுவும் வாயில் புண்ணோ, அப்போதுதான் பல் பிடுங்கிய குழியோ, தொண்டையில் வேறு பால்வினைத் தொற்றோ இருந்தால்தான் பேச வேண்டிய அளவுக்கு வரும். இப்படித் தொற்றியதாக மருத்துவ இலக்கியத்தில் பதிவுகள் உண்டு, ஆனால் விரல் விட்டு எண்ணும் அளவு.

பின்புறத்தில் வாய் வைத்தது: எச்.ஐ.வி.க்குக் கவலை வேண்டாம். வயிற்றுப் பூச்சி, மஞ்சள் காமாலை ஏ வகை போன்றவைதான் அங்கே பிரச்சினை.

எதிராளிக்கு எச்.ஐ.வி. உண்டு என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் அவர் கூட்டு மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்றால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து பரவாது. ஐரோப்பாவில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2019ல் வெளியானது. ஆண் ஜோடிகள், ஆணுறை இல்லாமல் சுமார் 76,000 முறை உறவு, துணையிடமிருந்து தொற்றியது பூஜ்யம். சொல்லப்போனால் மருந்து சாப்பிடுகிற அவரை விட, டெஸ்டே எடுக்காமல் "நான் கிளீன்" என்று சொல்பவரைத்தான் நான் சந்தேகிப்பேன்.

மூன்றாம் படி: 72 மணி நேரத்துக்குள் இருந்தால்

எச்.ஐ.வி. உள்ளே போயிருந்தாலும் நிலைகொள்ளவிடாமல் தடுக்கும் மாத்திரை உண்டு, பெப் என்பார்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். வாய்வழி உறவுக்கு மட்டும் என்றால் பெரும்பாலான மருத்துவ வழிகாட்டல்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை, பெற்றுக்கொண்டவர் நீங்கள் என்றால் கேட்கவே வேண்டாம். வாயில் விந்து, வாயில் புண், எதிராளிக்கு எச்.ஐ.வி. உண்டு ஆனால் மருந்து எடுப்பதில்லை என்று எல்லாம் ஒன்று சேர்ந்தால் டாக்டர் யோசிப்பார். அந்த முடிவு டாக்டருடையது, மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிச் சாப்பிடுகிற விஷயம் இல்லை. சிறுநீரகம், மஞ்சள் காமாலை பி வகை இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். பி வகை இருப்பவர் இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் பாதிக்கப்படலாம்.

ஆனால் முதல் படியில் எழுதியபோது ஆணுறை இல்லாத வேறு உறவும் நடந்தது, அல்லது ஆணுறை கிழிந்தது என்று எழுதியிருந்தால், மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை எதுவானாலும் சரி. பகலில் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம், இரவில் அவசர சிகிச்சைப் பிரிவு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மணி நேரத்தை வீணாக்க வேண்டாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097க்குப் போன் செய்யுங்கள், எச்.ஐ.வி.க்கென்றே உள்ள தேசிய உதவி எண், கட்டணம் கிடையாது. உங்கள் விருப்பம் இல்லாமல் நடந்தது என்றால் அப்போதும் இதே வழிதான். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு முதல் சிகிச்சையை இலவசமாகத் தர அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் மறுக்கக் கூடாது என்பது சட்டம்.

இடையில் ஒன்று: நிஜமாகவே வாய் வழியாக வரக்கூடியவை

எச்.ஐ.வி.யைப் பற்றியே யோசித்து யோசித்து, வரக்கூடியதை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆதங்கம். கொனோரியா, சிஃபிலிஸ் என்கிற மேகப்புண், கிளமிடியா, ஹெர்பீஸ், எச்.பி.வி. இவை எல்லாம் வாய்வழி உறவில் பரவும். ஒரு வாரத்துக்குள் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், சீழ் என்றால் கொனோரியாவாக இருக்கலாம். மூன்று வாரம் கழித்து உறுப்பிலோ உதட்டிலோ வலியே இல்லாத ஒரு புண் வந்து தானாக ஆறினால் அது சிஃபிலிஸாக இருக்கலாம், வலிக்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது. இவற்றில் பாக்டீரியாவால் வருபவை அத்தனையும் மருந்தில் குணமாகும். அரசு மருத்துவமனையில் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு என்று தனியாகவே இருக்கிறது, அங்கே உங்களைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், தினமும் பார்ப்பதுதான். எச்.ஐ.வி. டெஸ்ட் கொடுக்கும்போதே சிஃபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர்., மஞ்சள் காமாலை பி வகை இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். பி வகைக்குத் தடுப்பூசி போடாதவர் என்றால் அதையும் ஆரம்பித்துவிடலாம், மூன்று ஊசி, ஆறு மாதத்தில் முடிந்துவிடும். எச்.பி.வி. தடுப்பூசியும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள், ஆண்களுக்கும் உண்டு.

தயவுசெய்து லாட்ஜில் ரூம் போட்டு மாதம் ஒரு முறை வந்து போகும் "ஆண்மை" வைத்தியர்களிடம் மட்டும் போகாதீர்கள். பயந்துபோய் வருகிறவர்கள்தான் அவர்களுக்கு வியாபாரம்.

நான்காம் படி: எந்த டெஸ்ட், எத்தனையாவது நாள்

வைரஸ் உள்ளே போன முதல் பத்து நாள் போல எந்த டெஸ்டிலும் எதுவும் தெரியாது. அப்புறம் வைரஸின் மரபுப்பொருள் ரத்தத்தில் தெரிய ஆரம்பிக்கும், அதற்குப் பின்னால் பி24 என்கிற வைரஸ் புரதம், அதற்கும் பின்னால் நம் உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடி. எந்த டெஸ்ட் இந்த மூன்றில் எதைத் தேடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் நாள் கணக்கு. "எலிசா எடுத்தேன்" என்று மட்டும் சொன்னால் போதாது, ஏனென்றால் அது முறையின் பெயர், மூன்றாம் தலைமுறையிலும் எலிசா உண்டு, நான்காம் தலைமுறையிலும் உண்டு.

சி.டி.சி. சொல்லும் கணக்கு இது. கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேபில் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட், அதாவது ஆன்டிஜன், ஆன்டிபாடி இரண்டையும் தேடுவது: தொற்று 18 முதல் 45 நாளுக்குள் தெரிந்துவிடும். ஆன்டிபாடி மட்டும் தேடும் டெஸ்டும் பெரும்பாலான ரேபிட் கிட்டும்: 23 முதல் 90 நாள். வைரஸையே தேடும் பி.சி.ஆர். வகை டெஸ்ட்: 10 முதல் 33 நாள்.

ஆக, தனியார் லேபுக்குப் போனால் கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "பி24 ஆன்டிஜனும் சேர்ந்து வருமா, நான்காம் தலைமுறையா?" காம்போ, டியோ என்று பெயர் இருந்தால் பெரும்பாலும் அதுதான். வெறும் "எச்.ஐ.வி. 1 & 2 ஆன்டிபாடி" என்றிருந்தால் மூன்றாம் தலைமுறை என்று எடுத்துக்கொண்டு 90 நாள் கணக்குப் போடுங்கள். பி.சி.ஆருக்குப் பல ஆயிரம் ரூபாய் வாங்குவார்கள், வாய்வழி உறவுக்கு அது தேவையே இல்லை. ரத்தத்தில் வைரஸின் அளவை எண்ணும் வைரல் லோடு டெஸ்ட் சிகிச்சையில் இருப்பவர்களைக் கண்காணிக்க வந்தது, தொற்று இல்லாதவருக்குச் சில நேரம் மிகச் சிறிய எண் ஒன்று வந்து ஆளையே கொன்றுவிடும். எதிர்ப்பு சக்தி தரும் ஒரு வகை வெள்ளை அணுக்களை எண்ணும் சி.டி.4 எண்ணிக்கை அதை விட மோசம், சாதாரணச் சளிக் காய்ச்சலிலேயே இறங்கும். அதை வைத்து எச்.ஐ.வி. இருக்கிறது, இல்லை என்று எதுவும் சொல்ல முடியாது.

அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள், ஐ.சி.டி.சி. என்றும் சொல்வார்கள். அங்கே இலவசம், பெரும்பாலும் அன்றே ரிசல்ட், முன்னும் பின்னும் ஒரு ஆலோசகர் உட்கார்ந்து பேசுவார். ரேபிட் கிட் பயன்படுத்துவதால் கடைசி டெஸ்டை 90 நாளில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். விவரம் தெரிந்து கொடுக்கும் சம்மதம் இல்லாமல் யாருக்கும் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கக் கூடாது, முடிவை வெளியில் சொல்லக் கூடாது என்று 2017ல் சட்டமே வந்து 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. "சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்" என்று பயமா, பக்கத்து மாவட்டத்துக்கு பஸ் ஏறுங்கள், ரேஷன் கார்டு எந்த ஊர் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

நான் சொல்லும் திட்டம் எளிது. வாய்வழி உறவு மட்டும் என்றால் 45 நாள் முடிந்ததும் லேபில் ஒரு நான்காம் தலைமுறை டெஸ்ட். முடிந்தது. நம்பிக்கை மையம்தான் வசதி என்றால் 90 நாளில் ஒரு ரேபிட் டெஸ்ட். அதுவும் முடிந்தது. நடுவில் பொறுக்க முடியவில்லை என்றால் 28ஆம் நாளில் ஒரு நான்காம் தலைமுறை டெஸ்ட் எடுக்கலாம், இருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்திருக்கும். ஆனால் பத்தாம் நாள், பதினைந்தாம் நாள் என்று எடுக்காதீர்கள். அதன் முடிவு எதையும் சொல்லாது, பணமும் தூக்கமும்தான் போகும். பெப் மாத்திரை எடுத்தவர்களுக்கு நாள் கணக்கு மாறும், மாத்திரை முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், உங்களுக்குக் கொடுத்த டாக்டர் சொல்லும் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டெஸ்ட் எடுக்க வெட்கப்பட்டு ரத்ததான முகாமில் போய் ரத்தம் கொடுத்து, "ஏதாவது இருந்தா அவங்களே கூப்பிடுவாங்க" என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யவே கூடாத காரியம். ரத்த வங்கியில் டெஸ்ட் செய்கிறார்கள்தான், ஆனால் மேலே சொன்ன அதே நாள் கணக்கு அங்கேயும் உண்டு. தொற்றி இரண்டு வாரம் ஆனவரின் ரத்தம் தப்பிப் போனால் அது ஏற்றப்படுவது ஒரு பிரசவ வார்டிலோ விபத்து வார்டிலோ இருப்பவருக்கு. ரத்தம் வழியாகத் தொற்றும் வாய்ப்பு 10,000க்கு 9,000த்துக்கும் மேல்.

ஐந்தாம் படி: ரிப்போர்ட்டைப் படிப்பது

நான்-ரியாக்டிவ் என்றால் இல்லை. இதைத் தாண்டிப் படிக்க வேண்டியது எதுவும் இல்லை, ஆனால் படிப்பார்கள். கெமிலுமினசென்ஸ் மிஷினில் எடுத்த ரிப்போர்ட்டில் 0.08, 0.23, 0.41 என்று ஒரு எண் இருக்கும், பக்கத்திலேயே "1.00க்குக் கீழ் நான்-ரியாக்டிவ்" என்று அச்சடித்திருக்கும். போன தடவை 0.12, இந்தத் தடவை 0.31, அப்போ ஏறுகிறதா என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. அது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு இல்லை. மிஷினின் பின்னணி ஒளி, ரீஏஜென்ட், அன்றைய அளவுத்திருத்தம் இவற்றால் வரும் ஏற்ற இறக்கம். 1.00ஐத் தாண்டாதவரை 0.1ம் 0.4ம் ஒன்றுதான். 1.00க்கு ஒட்டி வந்தால் லேபே திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள்.

ரியாக்டிவ் என்று வந்தால்? பாசிட்டிவ் என்று அர்த்தம் இல்லை, அடுத்த கட்ட டெஸ்ட் தேவை என்று அர்த்தம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆயிரம் பேரில் ஐந்து பேருக்குத் தவறாக ரியாக்டிவ் காட்டும் ஒரு நல்ல டெஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 பேருக்கு எடுத்தால், ஆயிரத்துக்கு இரண்டு வீதம், உண்மையாகத் தொற்று உள்ளவர்கள் 20 பேர். மீதி 9,980 பேரில் தவறாக ரியாக்டிவ் ஆனவர்கள் சுமார் 50 பேர். ஆக ரியாக்டிவ் வந்த 70 பேரில் 50 பேருக்கு எதுவும் இல்லை! அதனால்தான் இங்கே வெவ்வேறு தயாரிப்புக் கிட்டுகள் மூன்றில் போட்டு மூன்றும் ஒத்துப்போனால்தான் பாசிட்டிவ் என்று சொல்ல வேண்டும் என்று விதி. தனியார் லேபில் ரியாக்டிவ் வந்தால் அந்தத் தாளோடு நேராக நம்பிக்கை மையத்துக்குப் போங்கள், அங்கே உறுதி செய்வார்கள்.

உறுதியாகிவிட்டாலும் பழைய கதை இல்லை இது. 2017லிருந்து, கண்டுபிடித்த உடனே மருந்து என்பதுதான் அரசின் கொள்கை. தினம் ஒரு மாத்திரை, இலவசம், சீக்கிரம் ஆரம்பித்தவர்கள் மற்றவர்களைப் போலவே வாழ்ந்து முதுமை அடைகிறார்கள்.

டெஸ்டைக் கெடுக்கும் என்று பயப்படுகிறவை: சளி, காய்ச்சல், ஆன்டிபயாட்டிக், முதல் நாள் குடித்த பீர், சாப்பாடு, படபடப்பு. இவை நான்-ரியாக்டிவை மாற்றாது. மாற்றக்கூடியவை சில உண்டு. பெப், பிரெப் (உறவுக்கு முன்பே தடுப்புக்காகச் சாப்பிடுவது) மாத்திரைகள் ஆன்டிபாடி வருவதைத் தாமதிக்கலாம். புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று என்று எதிர்ப்பு சக்தி மிகவும் இறங்கியவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டும். அப்புறம், முடி வளர என்று அதிக அளவு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லேபில் சொல்லிவிடுங்கள், சில மிஷின்களில் அது குறுக்கிடும்.

"ஆறு மாசம் கழிச்சும் எடுக்கணும்னு சொல்றாங்களே" என்பது பழைய டெஸ்டுகளின் காலத்துப் பேச்சு. முதல் எலிசா வந்தது 1985ல். அன்றைய கிட்டுகளின் திறனுக்கு ஆறு மாதம் காத்திருப்பது நியாயம். இன்றைய நான்காம் தலைமுறைக்கு அது தேவையில்லை. யாரோ ஒருவருக்கு ஒரு வருடம் கழித்து வந்ததாம் என்று படித்திருப்பீர்கள், அந்த ஒரு வருடத்தில் அவர் வேறென்ன செய்தார் என்று அங்கே எழுதியிருக்காது.

ஆறாம் படி: காத்திருக்கும் நாட்கள்

இந்த 45 நாளில்தான் உடம்பு பேச ஆரம்பிக்கும். எச்.ஐ.வி.யின் ஆரம்ப அறிகுறிகள் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் வரும், காய்ச்சல், தொண்டை வலி, சிவப்புத் தடிப்பு, நெறி கட்டுதல். சரிதான், ஆனால் இவற்றில் எதுவும் எச்.ஐ.வி.க்கு மட்டுமே சொந்தம் இல்லை. அக்டோபர் மழையில் பாதி ஊருக்கு இதே காய்ச்சல் இருக்கும். அதுபோக, பயத்துக்கும் அறிகுறிகள் உண்டு: வயிற்றுப்போக்கு, இரவில் வேர்ப்பது, எடை குறைவது, கை கால் குறுகுறுப்பு, வாய் உலர்ந்து நாக்கில் வெள்ளை படிவது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை அமுக்கிப் பார்த்தால் அமுக்கியதாலேயே அது வீங்கி வலிக்கும். நாக்கை டார்ச் அடித்துப் போட்டோ எடுக்கிறவர்கள் அந்தப் போட்டோக்களை இப்போதே அழித்துவிடுங்கள். அறிகுறியை வைத்து எச்.ஐ.வி. இருக்கிறது என்றோ இல்லை என்றோ எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, டெஸ்ட்தான் சொல்லும்.

கல்யாணமானவர்களின் கேள்வி வேறு. மனைவியோடு இருக்கலாமா? குழந்தைக்கு முத்தம் கொடுக்கலாமா? முத்தம், ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஒரே பாத்ரூம், கொசு, இவற்றால் எச்.ஐ.வி. பரவாது. குழந்தையைத் தள்ளி வைப்பது அந்தக் குழந்தைக்குப் புரியாத தண்டனை. தாம்பத்தியத்துக்கு மட்டும், டெஸ்ட் முடியும் வரை ஆணுறை போட்டுக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி.யைவிட மேலே சொன்ன கொனோரியா, சிஃபிலிஸுக்காகத்தான் அது. மனைவியிடம் சொல்லலாமா வேண்டாமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் இரவு மூன்று மணிக்குப் பதற்றத்தில் எழுப்பிச் சொல்லாதீர்கள், ரிசல்ட் வந்த பிறகு யோசித்துச் சொல்லலாம். ஒருவேளை முடிவு பாசிட்டிவ் என்று உறுதியானால் அப்போது சொல்லித்தான் ஆக வேண்டும், அவருக்கும் டெஸ்ட் தேவைப்படும், ஆலோசகர் கூட இருந்து உதவுவார்.

ஏழாம் படி: டெஸ்ட் முடிந்தும் பயம் போகவில்லை என்றால்

இதுதான் எல்லாவற்றையும் விடக் கடினமான படி. 45 நாள் நெகட்டிவ், 90 நாள் நெகட்டிவ், வேறு லேபில் நெகட்டிவ். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் மறுபடியும் ஆரம்பம். இந்த இடத்தில் உங்களுக்கு இருப்பது எச்.ஐ.வி. பிரச்சினை இல்லை என்று நான் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். அடுத்த டெஸ்ட் பயத்தைக் குறைக்காது, வளர்க்கும். அரிப்பைச் சொறிவது மாதிரி, சொறியும்போது சுகம், அப்புறம் புண். ஒவ்வொரு முறை டெஸ்ட் எடுக்கும்போதும் மூளைக்கு நீங்கள் சொல்லிக்கொடுப்பது "இது நிஜமான ஆபத்து, அதனால்தான் பார்க்கிறோம்" என்பதைத்தான்.

பெரும்பாலும் இதன் அடியில் இருப்பது குற்ற உணர்ச்சி. வீட்டில் வளர்த்த விதத்துக்கு மாறாக, மனைவிக்குத் தெரியாமல், அல்லது ஆணோடு ஆண் என்று யாரிடமும் சொல்ல முடியாமல் ஒன்று நடந்திருக்கிறது. செய்த தப்புக்குத் தண்டனை வந்தே தீரும் என்று மனசு நம்புகிறது, அந்தத் தண்டனைக்கு அது எச்.ஐ.வி. என்று பெயர் வைத்துவிட்டது. தண்டனையை எதிர்பார்க்கிறவனுக்கு நெகட்டிவ் ரிப்போர்ட் எப்படி நம்பும்படி இருக்கும்? வைரஸுக்கு ஒழுக்கம் தெரியாது. அது யாரையும் தண்டிக்க வருவதில்லை, வழி இருந்தால் போகும், இல்லாவிட்டால் போகாது. பல நாடுகளில் ஆணுறை இல்லாமல் நூறு தடவை போனவருக்கும் வராமல் இருந்திருக்கிறது, கணவனைத் தவிர வேறு யாரையும் தெரியாத பெண்களுக்கும் வந்திருக்கிறது. உங்கள் உறவில் நீங்கள் சரிசெய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் அதைத் தனியாகச் சரிசெய்யுங்கள், லேபில் அதற்கு டெஸ்ட் கிடையாது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தப் பயம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதற்குக் காரணமும் உண்டு. இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டதே சென்னையில்தான், 1986ல், சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில். அதற்குப் பிறகு நாம் வளர்ந்தது மண்டையோட்டுப் போஸ்டர்களைப் பார்த்து. 2000களின் தொடக்கத்தில் பஸ் ஸ்டாண்ட் தோறும் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று விளம்பரம் வைத்துக் கேட்டார்கள், விழிப்புணர்வு வந்தது உண்மை, கூடவே ஒரு கேலியும் பயமும் மனசில் ஒட்டிக்கொண்டது. அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். முதலில் தொடங்கிய சில மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. நம் தலைக்குள் ஓடும் படம் அதற்கு முந்தையது.

சரி, செய்ய வேண்டியது என்ன? கடைசி டெஸ்டின் தேதியைக் குறித்து, அதற்கு மேல் இல்லை என்று முடிவெடுங்கள். ரிப்போர்ட்டை ஒரு இடத்தில் வைத்துவிட்டு, திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். தேடுவதை ஒரேயடியாக நிறுத்த முடியாவிட்டால் மாலையில் கால் மணி நேரம் என்று ஒதுக்கி, மற்ற நேரம் வந்தால் "ஆறு மணிக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுங்கள், வாரா வாரம் அந்தக் கால் மணியையும் குறையுங்கள். கழுத்தைத் தொடுவது, நாக்கைப் பார்ப்பது, யாரிடமாவது "எனக்கு ஒண்ணும் இல்லல்ல?" என்று கேட்பது, இவை மூன்றும் ஒரே பழக்கத்தின் மூன்று முகம். கேட்கத் தோன்றும்போது கேட்காமல் இருந்து பாருங்கள், பதற்றம் ஏறும், உச்சிக்குப் போகும், தானாகவே இறங்கும்.

நாலைந்து வாரம் இப்படிச் செய்தும் வேலைக்குப் போக முடியவில்லை, தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள். நோய் குறித்த பதற்றம், எண்ணச் சுழற்சி இரண்டுக்கும் சி.பி.டி. என்கிற பேச்சு சிகிச்சையும் மருந்தும் இருக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால்கூட நாலைந்து வாரம் காத்திருக்காமல் இன்றைக்கே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் திணறுவீர்கள் என்பதால் வாக்கியத்தையும் கொடுத்துவிடுகிறேன், போனில் எழுதிக்கொண்டு அப்படியே நீட்டினாலும் போதும்: "எனக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் உரிய நாளில் நெகட்டிவ் வந்துவிட்டது. அது சரி என்று தெரிகிறது, ஆனாலும் நம்ப முடியவில்லை. இத்தனை தடவை டெஸ்ட் எடுத்துவிட்டேன், நிறுத்த உதவி வேண்டும்."